35 வயதில் முதலாம் ஆண்டு

மூன்றாண்டு எல்.எல்.பி., ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்திருப்பவர்களுக்கான சட்டப் படிப்பு. பிளஸ் டூ முடித்த கையோடு சேரும் ஐந்தாண்டுப் படிப்பில் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வயதினர். மூன்றாண்டு வகுப்பு அப்படி இருக்காது. சென்ற ஆண்டு பி.காம். முடித்த பையனுக்குப் பக்கத்தில் பத்து வருடம் மென்பொருள் நிறுவனத்தில் இருந்துவிட்டு வந்தவர் உட்கார்ந்திருப்பார். அடுத்த பெஞ்சில் விருப்ப ஓய்வு பெற்ற வங்கி மேலாளர், பிள்ளைகள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் படிக்க வந்த பெண், மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி. முழுநேர வேலையை விட்டுவிட்டு வேறு தொழிலுக்குப் படிக்க நினைப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் இருக்கும் வழிகளில் இதுவே அகலமானது. மருத்துவத்துக்கு நீட் தேர்வு வேண்டும். ஆசிரியராக வேண்டுமென்றால் பி.எட். முடித்து, தகுதித் தேர்வு எழுதி, காலியிடத்துக்கும் காத்திருக்க வேண்டும். சட்டக் கல்லூரியில் சேர ஒரு பட்டமும் மதிப்பெண் சான்றிதழும் போதும். நுழைவது சுலபமாக இருப்பதாலேயே, வெளியே வந்தபின் என்ன என்ற கணக்கைப் பலர் போடாமல் விட்டுவிடுகிறார்கள்.

தமிழ்நாட்டில் அரசு சட்டக் கல்லூரிகள் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. சென்னை, மதுரை, கோவை, திருச்சி, திருநெல்வேலி, செங்கல்பட்டு, வேலூர் ஆகிய ஊர்களின் கல்லூரிகளோடு விழுப்புரம், தருமபுரி, ராமநாதபுரம், சேலம், நாமக்கல், தேனி ஆகிய இடங்களிலும் பின்னர் கல்லூரிகள் வந்தன. மூன்றாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பட்டப் படிப்பில் வாங்கிய மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை போட்டு, 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி கலந்தாய்வு நடத்துகிறார்கள். பொதுப் பிரிவினருக்குக் குறைந்தது 45 சதவீத மதிப்பெண், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 40 சதவீதம். பதினைந்து வருடம் முன்பு அரியரோடு தட்டுத் தடுமாறி முடித்த பொறியியல் பட்டம் இங்கே திரும்பி வந்து வேலையைக் காட்டும். அனுபவத்துக்குத் தரவரிசையில் ஒரு மதிப்பெண் கூடக் கிடையாது. திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கியவர்கள் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ ஆகியவற்றை முறையாக முடித்திருக்க வேண்டும். பள்ளிப் படிப்பைத் தாண்டி நேராகப் பட்டத்துக்குத் தாவியவர்களை இந்திய பார் கவுன்சில் ஏற்பதில்லை.

வயது வரம்பு பற்றிய குழப்பம் இன்னும் பலரிடம் இருக்கிறது. மூன்றாண்டுப் படிப்பில் 30 வயதுக்கு மேல் சேர முடியாது என்று பார் கவுன்சில் ஒரு விதி வைத்திருந்தது. ஒருமுறை திரும்பப் பெற்று, 2016-இல் மறுபடி உயிர்ப்பித்தது. 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. ஆகவே 35 வயதிலும் சேரலாம், 55 வயதிலும் சேரலாம்.

வேலையை விடாமலே படிக்க முடியாதா என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. சட்டப்படி முடியாது என்றே சொல்ல வேண்டும். பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் அஞ்சல் வழிச் சட்டப் படிப்பை ஏற்கவில்லை. வகுப்புகள் காலை 8 மணிக்கும் மாலை 7 மணிக்கும் இடையில் நடக்க வேண்டும். ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும், தக்க காரணம் இருந்தால் 65 வரை இறங்கலாம். 2024 செப்டம்பரில் பார் கவுன்சில் இன்னும் ஒரு படி மேலே போனது. கல்லூரிகளில் கைரேகை வருகைப் பதிவு, கண்காணிப்புக் கேமரா, படிக்கும்போது வேறு வேலையில் இருந்தால் அதைத் தெரிவிக்கும் உறுதிமொழி, நிறுவனத்திடமிருந்து ஆட்சேபணையில்லாச் சான்று என்று அடுக்கியது. ஒரு காலத்தில் பக்கத்து மாநிலங்களில் பெயருக்குச் சேர்ந்து, தேர்வுக்கு மட்டும் ரயிலேறிப் போய்ப் பட்டம் வாங்கி வந்தவர்கள் உண்டு. 'லெட்டர்பேடு கல்லூரி' என்ற பெயரே அதில் வந்ததுதான். அந்தக் குறுக்குவழியில் இன்று போகிறவர், படிப்பு முடிந்து பதிவுக்கு நிற்கும்போது, வேலை பார்த்த காலமும் வகுப்பில் இருந்த காலமும் ஒன்றாக இருப்பதற்கு விளக்கம் சொல்ல வேண்டிவரும். வருங்கால வைப்பு நிதிக் கணக்கு ஒன்றே அதற்குச் சாட்சி.

வேலையிலிருந்தபடி சட்டம் படித்துப் பேர் வாங்கியவர்கள் முற்காலத்தில் இருந்தார்கள். தஞ்சைப் பக்கத்தில் கிராமக் கணக்கருக்கு உதவியாளாக மாதம் ஒரு ரூபாய் சம்பளத்தில் தொடங்கிய தி. முத்துசாமி ஐயர், சென்னையில் போலீஸ் மாஜிஸ்திரேட்டாக இருந்துகொண்டே பி.எல். பட்டம் பெற்றார். பிறகு சென்னை உயர் நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியும் ஆனார். நீதிமன்ற வளாகத்தில் அவருடைய சிலை இருக்கிறது. அது 19-ஆம் நூற்றாண்டு. வருகைப் பதிவேடு இப்படி இருக்கவில்லை.

அதனால் ராஜினாமா தவிர்க்க முடியாதது. அதை எப்போது கொடுப்பது என்பதில் பணம் இருக்கிறது. ஐந்தாண்டு தொடர்ந்து ஒரே நிறுவனத்தில் இருந்தவருக்குப் பணிக்கொடை உண்டு. கடைசி மாத அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, பணியாண்டுகளால் பெருக்கினால் வருவது அந்தத் தொகை. நான்கரை வருடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வருவது, கல்லூரிக் கட்டணத்தைப் போல் பல மடங்கை மேசையிலேயே விட்டுவிட்டு வருவதற்குச் சமம். வைப்பு நிதியில் ஐந்தாண்டுக்கு முன் கைவைத்தால் வரி பிடிப்பார்கள். எடுக்காமல் விட்டால் வட்டி தொடர்ந்து ஏறும், ஆனால் வேலையை விட்ட பிறகு ஏறும் வட்டி வருமான வரிக் கணக்கில் வரும். பத்தாண்டுப் பணியை முடித்தவருக்குப் பிற்காலத்தில் சிறு ஓய்வூதியம் உண்டு. எட்டாவது, ஒன்பதாவது ஆண்டில் இருப்பவர் இதையும் ஒருமுறை யோசிக்கலாம்.

பெரும்பாலோர் மறப்பது மருத்துவக் காப்பீட்டை. நிறுவனத்தின் குழுக் காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். பெற்றோரையும் அதில் சேர்த்திருந்தால் அவர்களுக்கும் அன்றே முடிந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கும் அறுபத்தைந்து வயது அப்பாவுக்குப் புதிதாகப் பாலிசி எடுத்தால், பழைய நோய்களுக்கு மூன்றாண்டு வரை காத்திருப்புக் காலம் போடலாம். குழுக் காப்பீடு நடப்பில் இருக்கும்போதே அதே காப்பீட்டு நிறுவனத்தில் தனிநபர் பாலிசிக்கு மாற்றிக்கொண்டால், ஏற்கெனவே கழிந்த காத்திருப்புக் காலம் கணக்கில் வரும். இதை நோட்டீஸ் காலத்தின் தொடக்கத்திலேயே செய்ய வேண்டும். வீட்டுக் கடன், வாகனக் கடன், கிரெடிட் கார்டு எதுவானாலும் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதுதான் வங்கி முகம் கொடுக்கும்.

கல்லூரிக் கட்டணம் பெரிய சுமை இல்லை. அரசு சட்டக் கல்லூரியில் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாயோடு முடிந்துவிடும். பல்கலைக்கழகத்தின் சீர்மிகு சட்டப் பள்ளியில் நடக்கும் ஹானர்ஸ் படிப்புக்கும் தனியார் பல்கலைக்கழகங்களுக்கும் பல மடங்கு ஆகும். கடன் வாங்கிப் படித்தால் வட்டிக்கு எட்டாண்டு வரை வரிக் கழிவு உண்டு, பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும். உண்மையான செலவு, வராமல் போகும் சம்பளம்தான்.

சென்னையில் 1891-இல் தொடங்கிய சட்டக் கல்லூரி, நூறாண்டுக்கு மேல் உயர் நீதிமன்ற வளாகத்தின் சிவப்புக் கட்டடத்தில் இயங்கியது. காலையில் வகுப்பு, மதியம் பக்கத்து வாசலில் கோர்ட் என்று அன்றைய மாணவர்களுக்கு வாய்த்தது. 2018-இல் கல்லூரி புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்குமாகப் பிரிந்து போனது. புதுப்பாக்கம், சிறுசேரி ஐ.டி. பூங்காவிலிருந்து சில கிலோமீட்டர்தான். பழைய அலுவலகத்துக்குப் போன அதே ராஜீவ் காந்தி சாலையில் கல்லூரிக்குப் போகிறவர்களும் உண்டு. வழக்கு நடக்கும் இடம் மட்டும் பாரிமுனையிலேயே இருக்கிறது.

ஆறு செமஸ்டரில் ஒப்பந்தச் சட்டம், அரசியலமைப்பு, குடும்பச் சட்டம், சொத்துரிமை மாற்றுச் சட்டம், தொழிலாளர் சட்டம், உரிமையியல் நடைமுறை என்று பாடங்கள் ஓடும். தேர்வைத் தமிழிலும் எழுதலாம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய் புதிய சட்டங்கள் வந்துவிட்டதால், குற்றவியலில் முப்பது வருட சீனியரும் புதுப் பிரிவு எண்களை இப்போதுதான் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார். பிந்தி வருகிறவருக்கு இது எதிர்பாராமல் கிடைத்த சலுகை. மனு எழுதுவது, மாதிரி நீதிமன்றம், தொழில் ஒழுக்கம், சமரச முறைகள் ஆகிய செய்முறைத் தாள்களும் உண்டு. மூன்றாண்டில் 12 வாரமாவது வழக்கறிஞரிடமோ நீதிமன்றத்திலோ பயிற்சி எடுக்க வேண்டும். இளம் மாணவர்கள் இதைச் சான்றிதழுக்காக முடித்துவிடுவார்கள். வேலையை விட்டு வந்தவர் அப்படிச் செய்தால் நஷ்டம் அவருக்குத்தான், ஏனென்றால் பின்னால் யாரிடம் ஜூனியராகச் சேர்வது என்பதை முடிவு செய்ய அவருக்குக் கிடைக்கும் நேரம் இந்த 12 வாரம்தான்.

பட்டம் வாங்கியதும் மாநில பார் கவுன்சிலில் பதிவு. முன்பு இதற்கே பல ஆயிரங்கள் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தில் உள்ளபடி பொதுப் பிரிவினரிடம் 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய் என்பதற்கு மேல் பதிவுக் கட்டணம் வாங்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று சொல்லிவிட்டது. பதிவுக்குப் பிறகு இரண்டாண்டுக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும். 100 கேள்விகள், நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முறை, தமிழிலும் எழுதலாம், குறிப்புகள் இல்லாத சட்டப் புத்தகங்களை உள்ளே எடுத்துப் போகலாம். பொதுப் பிரிவினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் தேர்ச்சி 45 சதவீதம், பட்டியல் பிரிவினருக்கு 40. படித்தவருக்கு இது பெரிய தடையாக இருக்காது. பதிவு செய்த வழக்கறிஞர் முழுநேரச் சம்பள வேலையில் இருக்கக்கூடாது என்ற பார் கவுன்சில் விதி அதைவிடப் பெரியது. கை சுடும்போது பழைய வேலைக்குப் போய் ஒரு வருடம் சம்பாதித்துவிட்டு, இடையிடையே கோர்ட்டுக்கும் போகலாம் என்பது நடக்காது.

கணக்கு பிசகும் இடம் இனிமேல்தான். படிப்பு மூன்று வருடம் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தவர், நான்காவது வருடம் சம்பாத்தியம் தொடங்கும் என்று நினைத்திருப்பார். நான்காவது வருடம் அவர் ஜூனியர். சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் குறைந்தபட்சம் கொடுக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விடும்படி தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. கொடுக்காத சீனியர் மேல் புகார் செய்யலாம்தான். புகார் கொடுத்துவிட்டு அதே கோர்ட்டில், அதே பார் அசோசியேஷனில் எந்த ஜூனியர் நிற்பார்? பஸ் செலவுக்குக் கொடுப்பதைப் பேட்டா என்று சொல்லிக் கொடுக்கும் அலுவலகங்களும் உண்டு. கையில் நூறோ இருநூறோ எப்போது வரும் என்று தெரியாத இந்தக் காலம் மூன்று வருடமும் ஓடலாம், ஐந்து வருடமும் ஓடலாம். ராஜினாமா செய்யும்போது வைத்திருக்க வேண்டிய சேமிப்பு, கல்லூரிக் காலத்துக்கு மட்டும் என்றால் பாதியில் நிற்கும். ஆறேழு வருடக் குடும்பச் செலவைச் சேமிப்பாகவோ, துணைவரின் சம்பளமாகவோ, வீட்டு வாடகையாகவோ கண்ணில் காட்டக்கூடியவர்தான் இதில் இறங்க வேண்டும்.

ஜூனியரின் நாள் பத்தரை மணிக்கு முன்பே தொடங்கும். காஸ் லிஸ்ட்டில் அலுவலகத்து வழக்குகள் எந்தக் கோர்ட்டில் எந்த வரிசையில் வருகின்றன என்று பார்த்துக் கட்டுகளை எடுத்துவைக்க வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு கோர்ட்டில் கூப்பிட்டால் ஒன்றில் ‘பாஸ் ஓவர்’ கேட்டுவிட்டு மற்றதற்கு ஓட வேண்டும். சீனியர் வர முடியாவிட்டால் வாய்தா கேட்க வேண்டும், நீதிபதி கடிந்துகொண்டால் வாங்கிக்கொள்ள வேண்டும். மாலை ஐந்தரைக்கு மேல் சேம்பரில் கட்சிக்காரர்கள், டைப்பிங், மறுநாளுக்கான டைரி. வீடு சேர ஒன்பதாகும்.

ஒரு வழக்கைத் தாக்கல் செய்வதைப் புத்தகத்தில் படித்தவருக்கும் செய்தவருக்கும் உள்ள தூரம் கவுண்டரில் தெரியும். பிராது, வக்காலத்து, ஆவணப் பட்டியல், கோர்ட் ஃபீஸ் எல்லாம் சேர்த்துக் கொடுத்தால், இரண்டொரு நாளில் கட்டு ‘ரிட்டர்ன்’ ஆகி வரும். பின்னட்டையில் குறிப்புகள் இருக்கும்: நான்கெல்லை சரியாகச் சொல்லப்படவில்லை, வக்காலத்தில் நலநிதி ஸ்டாம்ப் இல்லை, இந்த வழக்கு எப்படி நிலைக்கத்தக்கது. கடைசிக் கேள்விக்குத் தீர்ப்புகளை மேற்கோள் காட்டிப் பதில் எழுத வேண்டும், முதலிரண்டுக்கும் குமாஸ்தாவைக் கேட்டால் போதும். இருபது வருடமாக அந்த வராண்டாவில் நடக்கும் வக்கீல் குமாஸ்தாவுக்குத் தெரிந்த நடைமுறையில் கால்வாசி எந்தப் பாடத்திட்டத்திலும் கிடையாது. முன்பு முப்பது பேர் குழுவை நடத்தியவர், அவரிடம் போய் நின்று, “அண்ணே, இது ஏன் ரிட்டர்ன் ஆச்சு?” என்று கேட்கத் தயங்கக்கூடாது. தயங்கினால் நம்பர் ஆகாத பிராது பையிலேயே கிடக்கும்.

சீனியர் இந்த ஜூனியரைவிடப் பத்து வயது இளையவராக இருப்பதும் சாதாரணம். அவரை ‘சார்’ என்றே அழைக்க வேண்டும். அவர் இவரைத் ‘தம்பி’ என்று கூப்பிடச் சங்கடப்பட்டு ‘சார்’ என்றே திருப்பிச் சொல்வார். வெளியே காத்திருக்கும் கட்சிக்காரருக்கோ நரைத்த தலைதான் பெரிய வக்கீல். கட்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருகிறவரிடம் போய், “வக்கீல் சார், நம்ம கேஸ் நிக்குமா?” என்று கேட்பார். இந்த நரைக்கு ஒரு மதிப்பு இருக்கிறது. சொந்தமாக அலுவலகம் போட்ட பிறகு இருபத்தைந்து வயதுக்காரரை நம்பத் தயங்குகிற கட்சிக்காரர் இவரிடம் சீக்கிரம் வருவார். அதே நரையைப் பார்க்கும் நீதிபதி, இவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்றும் நினைத்துவிடுவார்.

மொழி இன்னொரு விஷயம். உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம். மாவட்ட, தாலுகா கோர்ட்டுகளில் சாட்சியமும் வாதமும் பெரும்பாலும் தமிழில், பிராதும் எதிருரையும் தமிழில் எழுதப்படுவது அதிகம். பதினைந்து வருடம் மின்னஞ்சலில் ஆங்கிலமே எழுதிப் பழகியவருக்கு ‘தாவா சொத்து’, ‘அனுபோக பாத்தியம்’, ‘வழக்கு மூலம்’ என்று எழுதக் கை வருவதற்கு ஆறு மாதமாவது ஆகும்.

பழைய வேலையில் கற்றது வீண் போகாத இடங்களும் இருக்கின்றன. சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவின்படி வாட்ஸ்அப் உரையாடலோ சிசிடிவி பதிவோ சாட்சியமாக வேண்டுமென்றால் இரண்டு பகுதியுள்ள சான்றிதழ் தர வேண்டும். ஒரு பகுதியைத் தாக்கல் செய்கிறவர் நிரப்ப வேண்டும், மற்றதை நிபுணர் நிரப்ப வேண்டும். கருவியின் தயாரிப்பு, மாடல், வரிசை எண்ணோடு, கோப்பின் ஹேஷ் மதிப்பையும், அது எந்த முறையில் கணக்கிடப்பட்டது என்பதையும் குறிக்க வேண்டும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த மதிப்பு மாறிவிடும் என்பது மென்பொருள் துறையிலிருந்து வந்தவருக்கு அன்றாடப் பாடம், பல சீனியர்களுக்குப் புரியாத மந்திரம். எதிர்த்தரப்புத் தாக்கல் செய்த சான்றிதழில் அந்தக் கட்டம் காலியாக இருப்பதைக் கண்டுபிடிக்கும் ஜூனியருக்கு அலுவலகத்தில் அன்று மரியாதை கூடும். (மின்தாக்கல் இணையதளம் மக்கர் செய்யும் நாளெல்லாம் எல்லோரும் அவரைத்தான் கூப்பிடுவார்கள் என்பது அதன் மறுபக்கம்.) வங்கியிலிருந்து வந்தவருக்கு 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டமும் கடன் மீட்புத் தீர்ப்பாயமும் சொந்த ஊர் மாதிரி. கட்டடப் பொறியாளருக்கு ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்ட வழக்குகளும் ஒப்பந்தத் தகராறுகளின் நடுவர் தீர்ப்பும் பொருந்தும், கணக்குத் துறையினருக்கு ஜி.எஸ்.டி. பொருந்தும். எல்லா வழக்கும் எடுக்கும் அலுவலகத்தில் பத்தோடு பதினொன்றாகச் சேர்வதைவிடப் பழைய துறையைத் தொட்டுக்கொண்டிருக்கும் சீனியரிடம் சேர்ந்தவர்கள் சீக்கிரம் காலூன்றுகிறார்கள். அறிவியல், பொறியியல் பட்டதாரிகள் காப்புரிமை முகவராகத் தனித் தேர்வும் இருக்கிறது, அதற்குச் சட்டப் பட்டமே தேவையில்லை. காப்புரிமை வேலை மட்டும் போதும் என்கிறவர் மூன்று வருடக் கல்லூரியைத் தவிர்த்துவிடலாம்.

நீதிபதியாக வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர் வயதைத் திருப்பிக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். உரிமையியல் நீதிபதித் தேர்வுக்கு மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவம் கட்டாயம் என்று 2025 மே 20 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 35-இல் படிக்கச் சேர்ந்தவருக்கு அந்த அனுபவம் முடியும்போது 41 ஆகியிருக்கும், தேர்வின் வயது வரம்பைச் சில பிரிவினர் தாண்டியிருப்பார்கள், மற்றவர்களும் அதை நெருங்கியிருப்பார்கள். வங்கிகளின் தொடக்கநிலைச் சட்ட அதிகாரி வேலைக்கும் பொதுப் பிரிவினருக்கு உச்ச வயது 30. ஏழாண்டு வழக்கறிஞராக இருந்தவர் போட்டியிடும் மாவட்ட நீதிபதித் தேர்வு மட்டும் பின்வயதில் வந்தவர்களுக்கும் எட்டும் தொலைவில் இருக்கிறது.

நீதிமன்றம் ஒத்துவராதவர்களுக்கு நிறுவனங்களின் சட்டப் பிரிவு இருக்கிறது. ஒப்பந்தங்களைச் சரிபார்ப்பது, தரவுப் பாதுகாப்பு விதிகளுக்கு இணங்கி நடக்கச் செய்வது போன்ற வேலைகளுக்குச் சட்டப் பட்டத்தோடு பழைய தொழில் அனுபவமும் கூடுதல் தகுதியாகக் கொள்ளப்படும், சம்பளமும் மாதாமாதம் வரும். பார் கவுன்சிலில் பதிவு செய்யாமலே இந்த வேலையில் சேரலாம். ஏற்கெனவே பதிவு செய்தவர் சம்பள வேலையில் சேர்ந்தால் அதைப் பார் கவுன்சிலுக்குத் தெரிவித்துத் தொழிலை நிறுத்தி வைக்க வேண்டும். வேலையை விட்டபின் விண்ணப்பித்து மறுபடி கோட்டுப் போட்டுக்கொள்ளலாம்.